ஏழு விளக்குக்கு ஒரு சுவிச்

வெள்ளவத்தை,
06.03.2025, வியாழன் இரவு.

அன்பான உமாசுதனுக்கு,

உங்கள் மிதுனா எழுதுவது. சாருகனின் காய்ச்சல் விட்டுவிட்டது. மாமி நேரத்துக்கு மருந்து எடுக்கிறா. நான் சாப்பிடுகிறேன். இவை மூன்றையும் நேற்று ஃபோனிலேயே சொல்லிவிட்டேன். ஃபோனில் சொல்ல முடியாத ஒன்று இருப்பதால்தான் இந்த மின்னஞ்சல். நீங்கள் எடுக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மாமி பக்கத்தில் இருப்பா. மகனின் குரலை அவவிடமிருந்து பறித்துக்கொண்டு அறைக்குள் போக எனக்கு மனம் வராது. ஆகவே படித்துவிட்டு எழுத்திலேயே பதில் போடுங்கள். நாளைக்கு வெள்ளி, நீங்கள் எடுப்பீர்கள். இதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காதீர்கள்.

இமெல்டா அக்கா விழுந்த கதையை மாமி சொன்னபோது உங்களுக்குப் பாதிதான் கேட்டிருக்கும். ஒழுங்கையின் கடற்கரைப் பக்கக் கடைசி வீடு. நீங்கள் டோஹாவுக்கு வெளிக்கிட்ட அன்று, பிளேனில் தருவதெல்லாம் சாப்பாடா என்று சொல்லி இடியப்பப் பார்சல் கொண்டுவந்து தந்தாவே, அவதான். தினமும் விடிய ஐந்து மணிக்குக் காலி வீதிச் சாப்பாட்டுக் கடைகளுக்கு இடியப்பம் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் அவ தன் சீவியத்தைப் பார்க்கிறா. இப்போது நோன்பு தொடங்கியதால், சஹருக்குச் சாப்பிட வருகிறவர்களுக்காக மூன்றரைக்கே கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்த நேரத்துக்குத்தான் போயிருக்கிறா. எனக்கு அது தெரியாது.

செவ்வாய் விடியப்புறம், இடியப்பப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தவ, ஒழுங்கையோரக் கழிவுநீர்க் கானுக்குள் விழுந்துவிட்டா. குழாய் பதிக்க வந்த ஒப்பந்தக்காரன் கொங்கிறீட் மூடியைக் கிளப்பிவிட்டு, பத்து நாளாக மூடாமல் ஒரு தடியில் சிவப்புப் பையைக் கட்டி நட்டுவிட்டுப் போயிருந்தான். பகலில் தெரியும். அன்றைக்கு ஒழுங்கை முழுக்க இருட்டு, ஏழு விளக்கில் ஒன்றும் எரியவில்லை. கணுக்காலுக்கு மேலே இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. களுபோவிலை ஆஸ்பத்திரியில் வைத்துத் தகடு போட்டிருக்கிறார்கள். ஆறு மாதம் கால் ஊன்றக் கூடாதாம்.

நேற்றுப் பின்னேரம் சந்தியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிற ஸாலிஹ் நானா வந்தார். அவர்தான் ஒழுங்கைச் சங்கத் தலைவர். “மிஸ், நீங்க கம்பஸ் போய்ப் படிச்ச ஆள். மாநகர சபைக்கு ஒரு மனு எழுதித் தாங்க. சிங்களத்திலயும் வேணும். மரியாதையா எழுத வேணாம், நல்லாக் காரமா எழுதுங்க” என்றார். நோன்பு துறக்க முதல் காரத்தைப் பற்றிக் கதைக்கிறேன் என்று தானே சிரித்துக்கொண்டார். நான் எழுதிக் கொடுத்தேன். காரமாகத்தான் எழுதினேன். “மார்ச் 3ஆம் திகதி இரவு ஏழு விளக்குகளும் இயங்கவில்லை. இது சபையின் மின்பிரிவு ஊழியர்களின் கவனயீனத்தால் நேர்ந்தது.” முப்பத்தொரு பேர் கையெழுத்து வைத்தார்கள். முதல் கையெழுத்து என்னுடையது.

இனித்தான் சொல்ல வேண்டியது.

வீட்டுக்காரர் சாவி தந்த அன்று சொன்னது நினைவிருக்கிறதா? ஒழுங்கையின் ஏழு விளக்குக்கும் ஒரே சுவிச், அது எங்கள் கேற்றை ஒட்டிய மின்கம்பத்துத் தகரப் பெட்டிக்குள் இருக்கிறது, இந்த வீட்டில் யார் இருந்தாலும் பின்னேரம் போடவும் விடிய அணைக்கவும் வேண்டும், அது இங்கே வழக்கம் என்று. “வாடகையும் குடுத்து வேலையும் செய்யோணுமோ” என்று நீங்கள் பிறகு என்னிடம் பகிடி விட்டீர்கள். மாமிதான் அதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டா. ஆறு மணிக்குச் சாமிப் படத்துக்கு விளக்கு வைத்த கையோடு கேற்றடிக்குப் போய்ச் சுவிச்சைப் போடுவா. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அவவை ‘லைட் அன்ரி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். இந்த ஊரில் தனக்கென்று கிடைத்த முதல் வேலை என்று என்னிடம் சொன்னா.

ஜனவரியில் சபைக்காரர் பழைய மஞ்சள் பல்புகளைக் கழற்றிவிட்டு வெள்ளை எல்.ஈ.டி. போட்டார்கள். ஒழுங்கையே சந்தோஷப்பட்டது. கேற்றடி விளக்கு மட்டும் நேரே எங்கள் யன்னலுக்குள் அடிக்கும். சாமத்தில் சாருகன் தன் கையைத் தூக்கி, சுவரில் விழுகிற நிழலைப் பார்த்து விளையாடிக்கொண்டு கிடப்பான். திரைச்சீலைக்கு மேலே பெட்ஷீற் கட்டினேன். கடற்காற்று அதைத் தூக்கி எறிந்தது.

திங்கட்கிழமை அவனுக்குக் காய்ச்சல் நூற்றியிரண்டு. நான் நித்திரை கொண்டு மூன்று நாள். அவன் அழுது, கண் சொருகி, அந்த வெளிச்சத்தில் முழித்து, திரும்ப அழுவான். பதினொன்றே கால் இருக்கும். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கேற்றைத் திறந்து போய், சுவிச்சைக் கீழே தட்டிவிட்டேன். இந்த நேரத்தில் யார் நடக்கப் போகிறார்கள், அரை மணித்தியாலம்தானே, இவன் அயர்ந்ததும் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். அவன் அயர்ந்தான். நானும் அயர்ந்துவிட்டேன்.

இமெல்டா அக்கா கத்தின சத்தத்தில்தான் முழித்தேன்.

நான் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். யன்னலுக்கு வெளியே விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. இனி அது அடிக்கட்டும். பதில் வரும் வரைக்கும் முழித்துத்தான் இருப்பேன்.

உங்கள்
மிதுனா


வெள்ளவத்தை,
12.03.2025, புதன் இரவு, பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது.

அன்பின் உமாசுதனுக்கு,

நீங்கள் எழுதியதை நாலைந்து தரம் படித்தேன். “குழியைத் திறந்து விட்டவன் நிம்மதியா நித்திரை கொள்ளுறான், நீ ஏன் உன்னை வருத்துறாய்? ஒருத்தருக்கும் தெரியாது. பேசாமல் விடு. நாங்கள் அங்கே வாடகைக்கு இருக்கிறவர்கள், ஊரோடை பகைக்கேலாது.” என் மேல் உள்ள அன்பில்தான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் ஆறுதலாக இருந்தது. இரண்டு நாள் அந்த ஆறுதலில் ஓடியது. அதற்குப் பிறகு நடந்ததை எழுதுகிறேன், படித்துவிட்டு இதையே இன்னொரு தரம் சொல்வீர்களா என்று பாருங்கள்.

திங்கட்கிழமை பின்னேரம் சபையிலிருந்து ஏணி வைத்த லொறியில் வந்தார்கள். டில்ஷானி என்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர், என் வயதுதான் இருக்கும், கையில் என் மனு. கூடவே பஸீர் நானா என்ற லைன்காரர், கிராண்ட்பாஸ் ஆள். இந்தப் பக்கத்து விளக்குகள் அவருடைய பொறுப்பு. அவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்களாம். ஏனென்றால் அதே மூன்றாம் திகதி பின்னேரம் அவர் இங்கே வந்து போட்டுப் பார்த்து, ஏழும் சரி என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறார். மனுவோ ஏழும் எரியவில்லை என்கிறது. அப்படியானால் அவர் வராமலே எழுதினார் என்றுதானே வரும்?

நோன்போடு அந்த மனுஷன் ஏழு கம்பத்திலும் ஏறி இறங்கினார். ஒவ்வொன்றையும் திறந்து, வயரை இழுத்துப் பார்த்து, மூடினார். நான் தண்ணீர் கொண்டுபோய் நீட்டிவிட்டுத்தான் நோன்பு என்பது நினைவுக்கு வந்து வெட்கப்பட்டேன். “பரவாயில்ல தங்கச்சி” என்றார். பிறகு டில்ஷானியிடம், “எல்லாம் சரி மிஸ். ஒரு லூஸும் இல்ல. நா பொய் எழுதுற ஆளில்ல. பதினெட்டு வருஷம் இந்த வேல செய்ற” என்று சொன்னார். 

டில்ஷானி ஒழுங்கைச் சனத்தைக் கேட்டா: அன்றைக்கு முன்னிரவில் விளக்கு எரிந்ததா இல்லையா? ஒருவருக்கும் தெரியவில்லை. ஸாலிஹ் நானா தாடியைத் தடவிக்கொண்டு, “தொழுதுட்டு வரக்குள்ள எரிஞ்ச மாதிரித்தான்... அது அதுக்கு முந்தின நாளோ தெரியா” என்றார். இன்னொருவர் எரியவே இல்லை என்று சத்தியம் பண்ணினார். விளக்கு எரிந்தால் யார் கவனிக்கிறார்கள், எரியாவிட்டால்தானே கவனிப்போம்.

அப்போது அவ கேட்டா, இந்தச் சுவிச்சைப் போடுவது யார் என்று.

நான் வாயைத் திறக்க முதல், நீங்கள் நம்ப வேண்டும், நான் திறக்கத்தான் போனேன், மாமி சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு முன்னுக்குப் போனா. “நான்தான் பிள்ளை போடுறனான்” என்றா. “அண்டைக்கு விடிய அணைக்கப் போகேக்கை சுவிச் ஏற்கெனவே கீழேதான் கிடந்தது. அப்ப நான் பின்னேரம் போடவே இல்லைப் போல. போட்ட மாதிரித்தான் கிடக்கு. ஆனா நான் மறந்திருப்பன். அந்த மனுஷன்ரை வேலைக்கு ஒண்டும் செய்து போடாதேங்கோ.”

டில்ஷானிக்குத் தமிழ் பாதிதான் விளங்கும். என்னைத் திரும்பிப் பார்த்து, சிங்களத்தில் சொல்லச் சொன்னா. நான் சொன்னேன், உமா. மாமி சொன்னதை ஒரு சொல் விடாமல், நல்ல சிங்களத்தில், மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அவர்கள் போன பிறகு மாமி குசினிக்குள் நின்றுகொண்டு என்னிடம் மெல்லக் கேட்டா: “சின்னக்காவுக்கும் இப்பிடித்தானே பிள்ளை துடங்கினது? அடுப்பை அணைச்சனோ எண்டு திரும்பித் திரும்பிப் போய்ப் பாப்பா. பிறகு எங்கடை பேரையே மறந்திட்டா.” உங்கள் பெரியம்மாவைத்தான் சொல்கிறா. கடைசிக் காலத்தில் மாமியைப் பார்த்து, நீர் ஆருடைய பிள்ளை என்று கேட்டாவாமே.

அன்றையிலிருந்து சாமி அறை நாட்காட்டித் தாளில் மாமி எழுதத் தொடங்கியிருக்கிறா. “லைட் போட்டது 6.05.” கீழே தன் கையெழுத்து. எழுதிய பிறகும் நம்பிக்கை வராமல் போய்ப் பார்க்கிறா. போட்ட சுவிச்சைப் பார்க்க, எட்டு மணிக்கு, பத்து மணிக்கு. இதை எழுதத் தொடங்கிய பிறகு மட்டும் கேற்றுக் கொழுக்கி இரண்டு தரம் சத்தம் போட்டுவிட்டது. யன்னலால் பார்க்கிறேன். விளக்குக்குக் கீழே நின்று, மேலே பார்த்துக்கொண்டு, எரிகிறது எரிகிறது என்று தனக்குள் சொல்கிறா போல வாய் அசைகிறது. அவவுக்கு நேரே மேலே வெள்ளையாக எரிந்துகொண்டிருக்கிறது.

இன்றைக்குப் பின்னேரம் சாருகனுக்குக் குளிக்க வார்க்க வந்தவ, தண்ணீர்ச் சூட்டைப் பார்த்துவிட்டு, என்னைக் கூப்பிட்டு, நீயும் ஒருக்காப் பார் என்றா. ஐந்து பிள்ளைகளைக் குளிக்க வார்த்த கை. “எனக்கு இனி என்னிலை நம்பிக்கை இல்லை” என்றா. பிள்ளையைத் தூக்கவும் யோசிக்கிறா.

ஒருத்தருக்கும் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். அதுதான் இப்போது பிரச்சினை. தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

மூன்றாம் தரம் கேற்று. நான் போய் அவவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

மிதுனா


வெள்ளவத்தை,
19.03.2025, புதன் இரவு.

அன்பின் உமாசுதனுக்கு,

உங்கள் பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை. கோபம் வந்தால் இதை முழுக்கப் படித்த பிறகு கோபியுங்கள்.

முதல் கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விட்டேன். உங்களுக்கு எழுதும்போதுகூட என் கை அதை ஒளித்தது. இமெல்டா அக்கா கத்தின சத்தத்துக்கு நான் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு கேற்றடிக்கு ஓடினேன். ஸாலிஹ் நானாவும் இன்னும் நாலைந்து பேரும் ஃபோன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு கானுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கே கால், எங்கே பிடிப்பது என்று தெரியாமல் தடவினார்கள். வெளிச்சம், வெளிச்சம் என்று கத்தினார்கள். மாமி மருந்து நித்திரையில் கிடந்தா, மற்றவர்கள் விளக்குப் பழுது என்றே நினைத்தார்கள். சுவிச் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. நான் அதைத் தட்டியிருந்தால் ஒழுங்கை முழுக்கப் பகலாகியிருக்கும். தட்டியிருந்தால், அதுவரைக்கும் அது கீழே கிடந்தது என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும். நான் தட்டவில்லை. பிள்ளையை இறுக்கிக்கொண்டு இருட்டுக்குள் நின்றேன். அவவைத் த்ரீவீலில் ஏற்றும் வரைக்கும் நின்றேன். ஒரு தரம் பிடி நழுவி அவ திரும்ப விழுந்தா. அந்தச் சத்தம்தான் என்னை இத்தனை நாளாகப் படுக்க விடாதது.

ஞாயிற்றுக்கிழமை சாருகனைத் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். இமெல்டா அக்கா அங்கே தங்கை வீட்டில்தான் இருக்கிறா. கட்டிலில் காலை நீட்டி, மடியில் ஒரு சுளகை வைத்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. பிள்ளையைக் கண்டதும், “வாங்க மாப்பிள்ள, காய்ச்சல் எல்லாம் போயிட்டா?” என்று கை நீட்டினா. கொடுத்துவிட்டுச் சொன்னேன். எல்லாவற்றையும். கேற்றடியில் நின்றதையும்.

அவ உரித்த வெங்காயத்தைத் திரும்பத் திரும்பக் கையில் உருட்டினா. பிறகு, “அன்னிக்கு ராத்திரி இவன் நல்லாத் தூங்கினானா?” என்று கேட்டா. ஓம் என்றேன். “நல்லது. எங்க லேன்ல ஒருத்தனாச்சும் தூங்கியிருக்கான்” என்றா. நான் அழத் தொடங்கினேன். “இந்தா, வெங்காயம் உரிக்கிறது நான், அழுறது நீயா? நிப்பாட்டு” என்று அதட்டிவிட்டு, இன்னொன்றும் சொன்னா. மாமி அவவுக்கு ஃபோன் எடுத்திருக்கிறா. லைட் போட மறந்திட்டன், என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை என்று அழுதிருக்கிறா. “நானும் பாவம், வயசானவங்கன்னு மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டேன். இப்ப சொல்லு, அத எப்படித் திருப்பி எடுக்குறது? உனக்கு வேற மன்னிப்பு வேணுமா? ரெண்டு மன்னிப்புக்கு எங்கிட்ட கால் இல்ல.”

நான் ஒன்றும் கேட்கவில்லை என்றேன். “கேக்காத. எனக்குக் கோபம் போகட்டும், போனா நானே சொல்லியனுப்புறேன்” என்றா. நான் வெளிக்கிடும்போது பின்னாலிருந்து, “மூணரைக்கு எழும்பி அந்த லேனால ஒரு நாள் நடந்து பாரு” என்றா.

நடந்தேன். திங்கள் விடியப்புறம் மூன்றரைக்கு, எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருக்க, எங்கள் கேற்றடியிலிருந்து கடற்கரைப் பக்கம் போய், அவ வீட்டு வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பி நடந்தேன். கானின் மூடியை இன்னும் போடவில்லை. ஐந்தாவது விளக்கு அதற்கு நேரே மேலே. குழி, சிவப்புப் பை, உள்ளே கிடக்கிற தேங்காய்ச் சிரட்டை வரைக்கும் தெரிகிறது. எரிந்திருந்தாலும் விழுந்திருப்பாவோ என்று ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருந்தேன். விழுந்திருக்க மாட்டா. அதை என் கண்ணால் பார்க்கத்தான் அனுப்பியிருக்கிறா.

அன்றைக்கே சபையின் மின்பிரிவு அலுவலகத்துக்குப் போனேன். மாமியிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும், தெரியும். அந்நியர்களிடம் சொல்வது சுகமாக இருந்தது. டில்ஷானியிடம் புதிய கடிதத்தைக் கொடுத்தேன். என் முந்திய மனுவில் விளக்குகள் பற்றிய பகுதி பிழை, ஏழும் இயங்கும் நிலையில்தான் இருந்தன, நானே அணைத்தேன், மின்பிரிவு ஊழியரில் பிழையில்லை, கான் மூடி பற்றிய முறைப்பாடு மட்டும் அப்படியே இருக்கிறது என்று. அவ இரண்டு தரம் படித்தா. முறைப்பாட்டுப் புத்தகத்தைத் திறந்து விரலால் ஒவ்வொரு நிரலாகத் தடவிப் பார்த்துவிட்டு, முறைப்பாடு செய்தவரே குற்றவாளி என்று எழுத இதில் இடமில்லையே தங்கச்சி என்று சிங்களத்தில் சொன்னா. சிரிக்கிறாவா கோபிக்கிறாவா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு ஏன் அணைத்தீர்கள் என்று கேட்டா. யன்னலைச் சொன்னேன், பிள்ளையைச் சொன்னேன்.

அப்போது அவ கதிரையில் சாய்ந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வெள்ளை விளக்குப் போட்ட பிறகு ஒவ்வொரு ஒழுங்கையிலும் இதுதானாம். சிலர் கல்லால் அடித்து உடைக்கிறார்கள், சிலர் சாக்கைக் கட்டுகிறார்கள். சனம் விளக்கு இல்லை என்று எழுதும். விளக்குக் கூடிப்போச்சு, என் அறைக்குள் அடிக்கிறது என்று ஒருவரும் எழுதமாட்டார்கள், எழுதினால்தானே எங்களுக்குத் தெரியும் என்றா.

பஸீர் நானா வாசலில் நின்றார். என் கடிதத்தை டில்ஷானி அவரிடம் வாசித்துக் காட்டினா. அவர் என்னை ஏசுவார் என்று நினைத்தேன். தலையை ஆட்டி, “ஒரு தகரத் துண்டு தங்கச்சி. லைட்டுக்குப் பின்பக்கம் ஒரு தகரத்த வளைச்சு அடிச்சா வெளிச்சம் ரோட்டுக்கு மட்டும்தான் விழும். பத்து நிமிஷ வேல. மூணாந் திகதியும் நா உங்கட வாசல்லதானே நின்ன. ஒரு வார்த்த சொல்லீக்கலாமே” என்றார். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நேற்று வந்து அடித்துவிட்டுப் போனார். எங்கள் யன்னல் இப்போது இருட்டு, ஒழுங்கை வெளிச்சம். இருட்டினால் தானாகப் பற்றுகிற சென்சர் போட அடுத்த வருடப் பணம் வர வேண்டுமாம். அதுவரைக்கும் சுவிச் எங்கள் வீட்டில்தான். கான் மூடியை நாளைக்கு, நாளைக்கு என்கிறார்கள். ஸாலிஹ் நானாவிடமும் சொல்லிவிட்டேன். “ரெண்டு கடிதமும் நல்லா எழுதீக்கிறீங்க மிஸ்” என்றார், அவ்வளவுதான். கடையில் மற்றவர்களுக்கு முன்னால் சொன்னார்.

இப்போது மாமி.

எல்லாரையும் விடக் கிட்ட இருந்தவவிடம் கடைசியாகத்தான் போனேன். நேற்றுப் பின்னேரம், பஸீர் நானா போன பிறகு, மாமி நாட்காட்டித் தாளில் “லைட் போட்டது 6.10” என்று எழுதிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் போய் இருந்து சொன்னேன். மூன்றாம் திகதி இரவு பதினொன்றே காலுக்கு நான் அணைத்தேன் மாமி, நீங்கள் பின்னேரமே போட்டுவிட்டீர்கள், எரிந்துகொண்டிருந்ததைத்தான் நான் அணைத்தேன் என்று. அவ பேனையைக் கீழே வைக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. ஏசப் போகிறா, வீட்டை விட்டுப் போ என்று சொல்லப் போகிறா, உங்களுக்கு ஃபோன் எடுக்கப் போகிறா என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு இருந்தேன்.

“அப்ப நான் மறக்கேல்லை?” என்று கேட்டா.

இல்லை மாமி என்றேன்.

“திரும்பச் சொல்லு பிள்ளை.”

நீங்கள் மறக்கேல்லை மாமி என்றேன். இன்னும் ஒருக்கா என்றா. சொன்னேன். எத்தனை தரம் சொன்னேன் என்று தெரியவில்லை. பிறகு எழும்பிப் போய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டா. இரவு கேற்றுச் சத்தம் கேட்கவே இல்லை. எட்டுக்கும் இல்லை, பத்துக்கும் இல்லை. நான் முழித்திருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கு முழுக்க என்னோடு கதைக்கவில்லை. தேத்தண்ணீர் போட்டு வைத்தா, கூப்பிடவில்லை. ஆனால் சாருகனைத் தானே குளிக்க வார்த்தா. தண்ணீரைத் தானே தொட்டுப் பார்த்தா, என்னைக் கூப்பிடவில்லை. பின்னேரம் ஆறு மணிக்குச் சாமிக்கு விளக்கு வைத்துவிட்டு, கேற்றடிக்குப் போய்ச் சுவிச்சைப் போட்டுவிட்டு வந்தா. நாட்காட்டியில் ஒன்றும் எழுதவில்லை.

என்னோடு எப்போது கதைப்பா என்று தெரியாது. அதை நான் கேட்க முடியாது. இமெல்டா அக்காவின் கோபம் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பதுபோல இதையும் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். பேசாமல் விடு என்று நீங்கள் எழுதியதற்கு எனக்குக் கோபமில்லை. விட்டுப் பார்த்தேன், உமா, வீட்டில் வேறொருவர் என் இடத்தில் நின்று அழிந்துகொண்டிருந்தா.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வெள்ளிக்கிழமை ஃபோன் எடுக்கும்போது முதலில் என்னைக் கேட்காதீர்கள், பிள்ளையையும் கேட்காதீர்கள். அம்மாவைக் கேளுங்கள். மூன்றாம் திகதி பின்னேரம் எத்தனை மணிக்கு லைட் போட்டனீங்கள் அம்மா என்று கேளுங்கள். அவ நிமிஷம் பிசகாமல் சொல்லுவா. சொல்லி முடிக்கும் வரைக்கும் குறுக்கே கதைக்காமல் கேட்டுக்கொண்டிருங்கள். நான் குசினிக்குள் நிற்பேன். ஸ்பீக்கரில் போடட்டும்.

கடவுள் உங்களை அங்கே வெயிலில் காக்கட்டும்.

இங்கே வெளிச்சம் பார்க்கிற பொறுப்போடு,
மிதுனா